முதல் பருவத்தில் மெக்கானிக்ஸ் எனக்குக் கைவந்த விதம்

திருவட்டாறு அருகே அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்துவிட்டு, நாகர்கோவில் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்த நான், முதல் உள்தேர்வில் விசைகளையும் அவற்றின் சமநிலையையும் பற்றிய எஞ்சினியரிங் மெக்கானிக்ஸ் பாடத்தில் 50-க்கு 11 மதிப்பெண்தான் பெற்றேன். பிளஸ் டூவில் செய்ததுபோல விடைகளை மனப்பாடம் செய்ததே காரணம். கேள்வியில் ஒரு கோணம் மாறியதும் கை நின்றுவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாத்தூர் தொட்டிப் பாலத்திற்குச் சென்றிருந்தேன். பறளியாற்றுக்கு மேலே, 28 தூண்களின் மீது, ஏறக்குறைய 115 அடி உயரத்தில் பாசன நீரைக் கொண்டுசெல்லும் தொட்டி அது. இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதியை மட்டும் தனியே நோட்டில் வரைந்து, தொட்டியின் எடையையும் நீரின் எடையையும் கீழ்நோக்கிய அம்புகளாகவும், தூண்கள் தாங்கும் விசையை மேல்நோக்கிய அம்புகளாகவும் குறித்தபோதுதான், வகுப்பில் ‘ஃப்ரீ பாடி டயகிராம்’ என்று சொன்னது இதைத்தான் என்பது விளங்கியது. நடைபாதையில் கூட்டம் ஒரு தூணை ஒட்டி நின்றால் அத்தூணுக்கே சுமை அதிகம் என்பதையும் திருப்புத்திறன் (ஒரு விசை பொருளைத் திருப்பும் அளவு) கணக்கில் போட்டுப் பார்த்தேன்.

அதன்பின் படம் வரையாமல் எந்தக் கணக்கையும் தொடவில்லை. வகுப்பில் போட்டதை அன்றிரவே, நோட்டை மூடிவைத்துவிட்டு, வெற்றுத்தாளில் மறுபடியும் போட்டேன். ‘மொமென்ட்’ என்றால் திருப்புத்திறன், ‘ஈக்விலிப்ரியம்’ என்றால் சமநிலை எனச் சொற்களுக்குத் தனி நோட்டும் வைத்தேன். ஆங்கிலம் என்று நான் அஞ்சியதில் பாதி, பதினோராம் வகுப்பில் படித்த பழைய பாடம்தான்.

அடுத்த உள்தேர்வில் 34 வந்தது. கணிதத்தில் மட்டும் அரியர் விழுந்தது. அதை இரண்டாம் பருவத்தில் எழுதித் தேறினேன்.