பலென்சியாகாவின் உடைகளைப் பார்க்கப் பழகுவது எப்படி

உடை வடிவமைப்பாளர் கிறிஸ்தோபல் பலென்சியாகாவின் தொழில் வாழ்க்கையை அறிய விரும்புபவர், அவர் தைத்த உடையின் கைப்பகுதியிலிருந்து தொடங்குவது நல்லது. ஸ்பெயினின் பாஸ்க் கடற்கரையில் உள்ள கெதாரியா என்ற மீனவ ஊரில் 1895-இல் பிறந்து, தையல் வேலை செய்த தாயிடம் தொழிலைக் கற்றுக்கொண்ட அவர், கை தோளோடு சேரும் இடம் மனத்துக்கு ஒப்பவில்லை என்றால் தைத்து முடித்த உடையையும் பிரித்துவிடுவார். அந்த இடத்தில் சுருக்கமோ இழுப்போ தெரிகிறதா என்று தேடுங்கள். கை பெரும்பாலும் மணிக்கட்டுக்குச் சற்று மேலேயே நின்றுவிடும். அணிபவரின் வளையல் தெரியட்டும் என்ற கணக்கு அது.

அடுத்து முதுகுப்புறம் செல்லுங்கள். பாரிஸில் 1937-இல் கடை திறந்த அவர், இரண்டாம் உலகப் போருக்குப் பின் கிறிஸ்தியன் தியோர் என்ற பிரெஞ்சு வடிவமைப்பாளர் இடுப்பை இறுக்கிப் புகழ்பெற்ற காலத்தில், எதிர்த்திசையில் நடந்தார். 1951-ஆம் ஆண்டின் சூட் முன்புறம் உடலோடு ஒட்டி, பின்புறம் தளர்ந்து விழும். காலர் கழுத்தை விட்டு விலகி நிற்கும். 1955-இல் வந்த டூனிக் என்ற நேரான நீண்ட மேலுடையையும், இடுப்பையே மறந்துவிட்ட 1957-ஆம் ஆண்டின் சாக்கு உடையையும் இதே வரிசையில் பார்த்தால், உடலுக்கும் துணிக்கும் இடையே காற்றுக்கு இடம்விடும் எண்ணம் எப்படிப் படிப்படியாக வளர்ந்தது என்பது விளங்கும். முன்பக்கப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

பிறகு தையல்களை எண்ணுங்கள். 1961-ஆம் ஆண்டின் மேலங்கி ஒன்று ஒரே தையலில் அமைந்தது. இப்படிக் குறைவாக வெட்டித் தைப்பதற்குத் துணியே தாங்கி நிற்க வேண்டும். சூரிக் நகரின் ஆபிரஹாம் நிறுவனம் 1958-இல் அவருக்காக உருவாக்கித் தந்த கஸார் என்ற விறைப்பான பட்டு அதற்குக் கைகொடுத்தது. அதில் உருவான 1967-ஆம் ஆண்டின் திருமண உடையில் பூவேலை எதுவும் இல்லை.

அவர் 1968-இல் கடையை மூடிவிட்டார் என்பதால், இன்று அதே பெயரில் விற்கும் காலணிகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். மாறாக, ‘ஐசா’ என்ற முத்திரை கொண்ட பழைய உடை கண்ணில் பட்டால் கடந்துபோகாதீர்கள். தாயின் குடும்பப் பெயரான ஐசாகிரேயைச் சுருக்கி, தம் ஸ்பெயின் கடைகளுக்கு அவர் வைத்த பெயர் அது.