கேஷ்லெஸ் கிளெய்ம்: கொயரி வராமல் அனுப்புவது எப்படி?

கேஷ்லெஸ் என்றால், நோயாளிக்குப் பதில் இன்சூரன்ஸ் கம்பெனியே மருத்துவமனைக்கு நேரடியாகப் பணம் தருவது. சின்ன மருத்துவமனைகளில் இதைப் பார்க்கும் இன்சூரன்ஸ் டெஸ்க் என்றால் பெரும்பாலும் ஒரே ஆள்தான். ஈரோட்டில் நான் பார்ப்பதும் அந்த வேலையைத்தான். நாம் ஒரு தாளை விட்டுவிட்டால் கம்பெனியிடமிருந்து கொயரி, அதாவது விளக்கம் கேட்டுக் கேள்வி வரும்; வார்டில் கிளம்பத் தயாராக இருக்கும் குடும்பம் இரவு வரை காத்துக் கிடக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பெயர். ஆதாரில் ‘செல்வி க’, பாலிசியில் ‘செல்வி கருப்பையா’, நம் பதிவில் ‘கே. செல்வி’. அட்மிஷன் போடும்போதே பாலிசியில் உள்ளபடி பதியச் சொல்லுங்கள். அப்புறம் திருத்தினாலும் லேப் ரிப்போர்ட்டிலும் மருந்து பில்லிலும் பழைய பெயரே நிற்கும்.

அதிகமான கொயரி பிறக்கும் இடம் ப்ரீ-ஆத் (கம்பெனியிடம் முன் அனுமதி கேட்கும்) படிவத்தில் டாக்டர் நிரப்பும் பகுதி. ‘சர்க்கரை நோய் உண்டு’ என்று மட்டும் இருந்தால் போதாது. எத்தனை வருடமாக என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். பாலிசி எடுக்கும் முன்பே இருந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் 3 ஆண்டு வரை இருக்கலாம், அதைப் பார்க்கத்தான் கேட்கிறார்கள். கேஸ் ஷீட்டில் 5 வருடம், டிஸ்சார்ஜ் சம்மரியில் 2 வருடம் என்று இருந்தால் கிளெய்மே சந்தேகத்துக்குள்ளாகும். அனுப்பும் முன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். “கொஞ்சம் குறைச்சுப் போடுங்க மேடம்” என்று உறவினர்கள் கெஞ்சுவார்கள். போடவே கூடாது.

ரூம் வாடகை வரம்பை, ரூமுக்கு மாற்றும் முன்பே சொல்லிவிடுங்கள். வரம்பு 3,000 ரூபாய், எடுத்த ரூம் 5,000 என்றால், விகிதக் கழிவு (வாடகை வரம்பை மீறிய அதே விகிதத்தில் மற்ற கட்டணங்களையும் குறைப்பது) உள்ள பாலிசியில் டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணத்திலும் 40 சதவீதம் வெட்டு விழும். மருந்து, இம்ப்ளான்ட், பரிசோதனைகளுக்கு இந்த வெட்டு கிடையாது. வெட்டியிருந்தால் விடாமல் கேளுங்கள்.

கண்புரை ஆபரேஷன் என்றால் லென்ஸ் ஸ்டிக்கரைக் கேஸ் ஷீட்டில் ஒட்டி, எண் தெளிவாகத் தெரியும்படி ஸ்கேன் செய்யுங்கள்.

இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-இல் கொண்டுவந்த விதிப்படி முதல் அனுமதிக்கு 1 மணி நேரம், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு 3 மணி நேரம். கெடு நம் பக்கம் இருந்தும் தாமதம் ஆவது பலசமயம் மருந்து ரிட்டர்னால்தான். பயன்படுத்தாத ஊசி, மருந்தை வார்டு திருப்பித் தராமல் ஃபைனல் பில் அனுப்பினால், பிறகு தொகை மாறி மறுபடி அப்லோட் செய்ய வேண்டிவரும். முந்தைய நாள் மாலையே ரிட்டர்னை முடித்துவிடச் சொல்லுங்கள்.

பணம் வந்ததும் யு.டி.ஆர். எண்ணோடு (வங்கிப் பரிமாற்றத்தின் அடையாள எண்) பில்லில் பதியுங்கள். டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) 10 சதவீதம் பிடித்துத்தான் வரும். அதைத் தனியாகப் போடாவிட்டால் சாஃப்ட்வேர் பாக்கி என்றே காட்டும். அதற்கு மேல் குறைந்தால் அது கம்பெனி வெட்டிய தொகை, அதாவது டிடக்‌ஷன். காரணத்தைக் கேட்டு வாங்கி, உரிய ரிப்போர்ட்டோடு அந்த வாரமே பதில் அனுப்புங்கள்.