டர்பன் வீட்டு மேசையில் ஒரு புறக்கோள்: டெஸ் விண்தொலைநோக்கியின் தரவை ஆராயும் முறை

டர்பன்வாசிகளிடம் பீனிக்ஸ் என்று சொன்னால், நகருக்கு வடக்கே நம்மவர் திரளாக வாழும் குடியிருப்பே நினைவுக்கு வரும். தென்வானத்திலும் அதே பெயரில் ஒரு விண்மீன் குழு உள்ளது. அக்கெர்னார் என்னும் பிரகாசமான விண்மீனுக்கு வடக்கே ஏறக்குறைய 11.5 பாகை தொலைவில், வெறுங்கண்ணுக்குப் புலப்படாத, 9.3 ஒளித்தரம் (பிரகாசத்தின் அளவு; எண் கூடினால் ஒளி குறைவு) கொண்ட வாஸ்ப்-18 என்ற விண்மீன் அங்கே இருக்கிறது. அதைச் சுற்றிவரும் கோள் (இவ்வாறு சூரியனல்லாத விண்மீனைச் சுற்றுவதே புறக்கோள்) நம் தென்னாப்பிரிக்காவின் சதர்லாந்தில் நிறுவப்பட்ட வாஸ்ப்-சவுத் கருவியால் கண்டறியப்பட்டு 2009இல் அறிவிக்கப்பட்டது. எட்டுக் கேமராக்களின் தொகுப்பான அக்கருவியில் பொருத்தப்பட்டிருந்தவை, புகைப்படக்காரர்கள் கடையில் வாங்கும் 200 மில்லிமீட்டர் கேனன் லென்சுகள்தாம். அதே கோளை, நாசா 2018 ஏப்ரலில் ஏவிய டெஸ் விண்தொலைநோக்கியின் தரவைக் கொண்டு, சாட்ஸ்வர்த்திலோ டோங்காட்டிலோ வீட்டு மேசையில் அமர்ந்தபடி நீங்களே மீண்டும் கண்டறியலாம். ஏற்கெனவே அறியப்பட்ட கோளில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: விடை தெரிந்த கணக்கில் செய்த தவறு உடனே அகப்பட்டுவிடும், விடை தெரியாத விண்மீனில் செய்த தவறோ கோளைப் போலவே தோற்றமளிக்கும்.

டெஸ்ஸில் 10 சென்டிமீட்டர் திறப்புள்ள நான்கு கேமராக்கள் உள்ளன. பூமியை 13.7 நாளுக்கு ஒருமுறை நீள்வட்டப் பாதையில் சுற்றிக்கொண்டே, வானத்தின் 24 பாகை அகலமும் 96 பாகை நீளமும் உள்ள ஒரு பட்டையை அது ஏறக்குறைய 27 நாள் தொடர்ந்து நோக்கிவிட்டு அடுத்த பட்டைக்கு நகரும். இப்பட்டைகளுக்குச் செக்டர் என்று பெயர். கோளொன்று தன் விண்மீனுக்கு முன்னால் செல்லும்போது விண்மீனின் ஒளி சிறிது மங்கும். இதையே கடப்பு என்கிறோம். சூரியனை ஒத்த விண்மீனை வியாழன் அளவுள்ள கோள் கடந்தால் ஒளி ஏறக்குறைய 1 சதவீதம் குறையும். பூமி அளவுள்ள கோளானால் அக்குறைவு 0.01 சதவீதத்தையும் எட்டாது. ஆகவே பெரிய கோளே முதற்பயிற்சிக்கு ஏற்றது.

தரவு முழுவதும் பால்டிமோரில் உள்ள விண்தொலைநோக்கி அறிவியல் நிறுவனம் நடத்தும் மாஸ்ட் காப்பகத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் படிக்கப் பைத்தான் மொழியும், அம்மொழியில் எழுதப்பட்ட லைட்கர்வ் என்னும் நிரல்தொகுப்பும் போதும். மின்வெட்டுக்கும் டேட்டா விலைக்கும் பழகிப்போன நமக்குக் கூகுள் கோலாப் மிகவும் கைகொடுக்கும்: கோப்புகளை இறக்குவதும் கணக்கிடுவதும் தொலைவிலுள்ள கணினியிலேயே நடப்பதால், உங்கள் டேட்டா வரைபடங்களைப் பார்ப்பதற்கு மட்டுமே செலவாகும். ஆனால் இணைப்பு நெடுநேரம் அறுந்தால் அங்குள்ள கோப்புகள் அழிந்துவிடும் என்பதால், ஒவ்வொரு கட்டத்தின் விளைவையும் உங்கள் டிரைவில் சேமித்துக்கொள்ளுங்கள்.

டெஸ் பட்டியலில் வாஸ்ப்-18இன் எண் 100100827. லைட்கர்வின் தேடல் கட்டளைக்கு இந்த எண்ணையும் செக்டர் 2 என்பதையும் கொடுத்து, இரண்டு நிமிட இடைவெளியில் எடுக்கப்பட்ட ஒளிவளைவை (விண்மீனின் ஒளி நேரத்துக்கேற்ப மாறுவதைக் காட்டும் வரைகோட்டை)த் தேர்ந்தெடுங்கள். 2018 ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் பதிவான ஏறக்குறைய 19,000 அளவீடுகள் ஓரிரு மெகாபைட்டில் அடங்கிவிடும். கோப்பில் ஒளி அளவு இரண்டு வகையாக இருக்கும். ஒன்று படப்புள்ளிகளின் (பிக்சல்களின்) ஒளியை அப்படியே கூட்டிய மூல அளவு; மற்றொன்று, பல விண்மீன்களில் ஒரே சமயத்தில் தென்படும் கருவிப் பிழைகளை நீக்கிய திருத்திய அளவு. தேடலுக்குத் திருத்திய அளவே உகந்தது. எனினும் மூல அளவையும் ஒருமுறை வரைந்து பாருங்கள். செக்டரின் நடுவில் காணப்படும் இடைவெளி, விண்கலம் பூமியை நெருங்கித் தரவை அனுப்பிய நேரத்தைக் குறிக்கும். அதன் இருமருங்கிலும் சிதறிய ஒளி புகுந்து ஒளிவளைவை வளைத்துவிடக்கூடும். அங்கே மட்டும் தோன்றும் பள்ளத்தை நம்ப வேண்டாம்.

புதியவர்கள் பெரும்பாலும் சறுக்குவது அடுத்த இரண்டு வேலைகளில்தான். முதலாவது, தனித்து விலகி நிற்கும் புள்ளிகளை நீக்குதல். இரு பக்கமும் ஒரே அளவுகோலால் வெட்டினால் கடப்பின் அடிப்பகுதியும் சேர்ந்து போய்விடும். ஆதலால் மேல்நோக்கி விலகியவற்றை மட்டும் நீக்குங்கள். இரண்டாவது, விண்மீனின் மெதுவான ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்தல். லைட்கர்வின் சமன்செய்யும் கட்டளை, நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் 101 புள்ளிகளை ஒரே சமயத்தில் நோக்கும் சாளரத்தை எடுத்துக்கொள்ளும். இரண்டு நிமிடத் தரவில் அது மூன்றரை மணி நேரத்துக்கும் குறைவு. இந்தக் கோளின் கடப்போ ஏறக்குறைய 2.2 மணி நேரம் நீடிக்கும் என்பதால், அவ்வளவு குறுகிய சாளரம் பள்ளத்தையே மேடாக்கிவிடும். 601 புள்ளிகள், அதாவது 20 மணி நேரம், என்று கொடுத்தால் பள்ளம் தப்பும். எண் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும்.

இனித் தேடல். பெட்டி வடிவப் பள்ளத்தைப் பல சுற்றுக்காலங்களில் பொருத்திப் பார்க்கும் முறையை 2002இல் கோவாக்ஸ், சுக்கர், மாஸே ஆகியோர் வெளியிட்டனர். அது லைட்கர்வில் உள்ளடங்கியிருக்கிறது. 27 நாள் தரவில் குறைந்தது இரண்டு கடப்புகளாவது வேண்டுமாதலால் 0.5 முதல் 12 நாள் வரை தேடச் சொல்லுங்கள். பொருத்தத்தின் வலிமையைக் காட்டும் வரைபடத்தில் 0.94 நாளில் ஓர் உயர்ந்த முகடு எழும். அதன் இரு மடங்கிலும் வேறு சில மடங்குகளிலும் சிறு முகடுகள் தோன்றுவது இயல்பே. அந்தச் சுற்றுக்காலத்தில் ஒளிவளைவை மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், சிதறிக் கிடந்த புள்ளிகள் ஒரே பள்ளமாகத் திரண்டுவரும். பள்ளத்தின் ஆழம் ஏறக்குறைய 1 சதவீதம். அதன் வர்க்கமூலமான 0.1தான் விண்மீனின் ஆரத்தில் கோளின் ஆரம் எத்தனை பங்கு என்பது. விண்மீனின் ஆரம் சூரியனுடையதைப் போல் ஏறக்குறைய 1.25 மடங்கு என்பதால், கோளின் ஆரம் வியாழனுடையதைப் போல் ஏறக்குறைய 1.2 மடங்கு என்று கிடைக்கும்.

சுற்றுக்காலத்தில் ஒரு நிமிடம் பிசகினால் ஒரே செக்டரில் பள்ளத்தின் ஓரங்கள் சற்று மங்குவதோடு சரி. ஆனால் இதே விண்மீனை டெஸ் 2020இல் மீண்டும் நோக்கியது. இரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 775 சுற்றுகள் நிகழ்வதால் அந்த ஒரு நிமிடம் 13 மணி நேரப் பிழையாக வளர்ந்து, அடுக்கிய பள்ளங்களைக் கலைத்துவிடும். பழைய, புதிய செக்டர்களை இணைத்துச் சுற்றுக்காலத்தைத் திருத்திக்கொள்வதே இதற்கு வழி.

பயிற்சி முடிந்து புது விண்மீன்களுக்குச் செல்லும்போது, உங்கள் நேரத்தில் பெரும்பகுதியை ஐயப்படுவதற்கே ஒதுக்குங்கள். டெஸ்ஸின் ஒரு படப்புள்ளி வானத்தில் 21 கோண விநாடி அகலமுள்ளது. ஒரு விண்மீனின் ஒளி பல புள்ளிகளில் பரவியிருக்கும். ஆதலால் அண்டைவீட்டு விண்மீனின் ஒளியும் உங்கள் அளவீட்டில் கலந்துவிடும். அண்டை விண்மீன் ஐந்து ஒளித்தரம், அதாவது நூறு மடங்கு, மங்கலானது என்று கொள்வோம்: அதன் பங்கு 1 சதவீதம். அது ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீனாக இருந்து தன் ஒளியில் பாதியை இழந்தால், உங்கள் ஒளிவளைவில் 0.5 சதவீதப் பள்ளம் விழும். பார்ப்பதற்கு அசல் கோள்தான். நான் முதன்முதலில் கண்டுபிடித்ததாக நம்பிய கோள் இப்படிப்பட்டதுதான். மூன்று வாரம் பூரித்திருந்த பிறகே, கயா விண்கலம் அளந்த விண்மீன்களின் பட்டியலைப் புரட்டினேன். நீங்கள் முதல் நாளிலேயே புரட்டிவிடுங்கள்: ஒரு கோண நிமிடத்துக்குள் உள்ள விண்மீன்கள் அனைத்தையும் ஒளித்தரத்தோடு குறித்துக்கொண்டு, பள்ளத்தை உண்டாக்க எவற்றால் முடியும் என்று மேற்கண்டவாறு கணக்கிடுங்கள். பின்பு படப்புள்ளிக் கோப்பை இறக்கி, எந்தப் புள்ளியில் பள்ளம் ஆழமாக விழுகிறது என்று பாருங்கள். உங்கள் விண்மீனைவிட்டு அது விலகி நின்றால் அந்தக் கோளை மறந்துவிட வேண்டியதுதான்.

அடுத்து, ஒற்றைப்படைக் கடப்புகளையும் இரட்டைப்படைக் கடப்புகளையும் தனித்தனியே அடுக்குங்கள். ஆழம் வேறுபட்டால், இரு விண்மீன்கள் மாறி மாறி மறைக்கின்றன, உண்மைச் சுற்றுக்காலம் நீங்கள் கண்டதைப் போல் இரு மடங்கு என்று பொருள். கடப்புக்கு அரைச் சுற்று தள்ளி இரண்டாவது பள்ளம் தெரிந்தாலும் பொதுவாக இரட்டை விண்மீனையே ஐயப்படுவோம். ஆனால் இதைக் கண்மூடித்தனமான விதியாக்க முடியாது: வாஸ்ப்-18இலேயே 0.034 சதவீத இரண்டாம் பள்ளம் உள்ளது. அது கோளின் கொதிக்கும் பகல்முகம் விண்மீனுக்குப் பின்னால் மறைவதால் உண்டாவது. மேலும், கடப்பு ஆரத்தை மட்டுமே தரும். வியாழன், கோளுக்கும் விண்மீனுக்கும் இடைப்பட்ட பழுப்புக் குள்ளன், மிகச் சிறிய செங்குள்ளன் விண்மீன் ஆகியவை ஆரத்தில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். வாஸ்ப்-18இன் கோள் வியாழனைப் போல் ஏறக்குறைய 10 மடங்கு நிறையுள்ளது என்பது, சிலியின் லா சில்லாவிலிருந்து விண்மீனின் தள்ளாட்டத்தை நிறமாலைமானியால் அளந்த பிறகே தெரியவந்தது.

எங்கே தேடுவது என்றால், தென் கிரகணத் துருவத்தை (பூமியின் சுற்றுப்பாதைத் தளத்துக்குச் செங்குத்தான தென்திசைப் புள்ளியை) அடுத்த வானத்தை நான் பரிந்துரைப்பேன். பெரிய மெகல்லன் முகில் என்னும் அண்டை விண்மீன் மண்டலத்துக்கு அருகிலுள்ள அப்பகுதி டர்பனுக்கு ஒருபோதும் மறைவதில்லை. கடற்கரை விளக்குகள்தாம் அதை நம்மிடமிருந்து மறைக்கின்றன. அங்கே செக்டர்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் ஏறக்குறைய ஓராண்டுத் தொடர் தரவு கிடைக்கும்; ஆகவே நீண்ட சுற்றுக்காலங்களையும் தேடலாம்.

எல்லாச் சோதனைகளையும் தாண்டிய ஒன்று கையில் எஞ்சினால், அது முன்பே பட்டியலில் உள்ளதா என்று, புறக்கோள் ஆய்வாளர்கள் தகவல் பகிரும் எக்ஸோஃபாப் தளத்தில் சரிபார்த்து, சமூகத்தின் வேட்பாளர் கோளாக அங்கேயே பதியலாம். கடப்பு நேரம், சுற்றுக்காலம், ஆழம், நீடிக்கும் நேரம் ஆகியவற்றைப் பிழை வரம்புடன் தாருங்கள். நேரத்தில் கவனம் வேண்டும். டெஸ் தரும் எண்ணுடன் 2457000ஐக் கூட்டினால், வானியலாளர்கள் நாள்களை ஒரே தொடராக எண்ணும் ஜூலியன் நாள் வரும். அது நண்பகலில் தொடங்குவது, சூரியக் குடும்பத்தின் நிறைமையத்தில் நின்று கணக்கிடப்பட்டது. நம்மை வந்தடையும் ஒளி அதிலிருந்து எட்டு நிமிடம் வரை முந்தவோ பிந்தவோ கூடும். நமது கடிகாரமோ உலக நேரத்துக்கு இரண்டு மணி முன்னால் ஓடுகிறது. அடுத்த கடப்பை நேரில் பார்க்க விரும்பி இவற்றைக் கணக்கில் சேர்க்காதவர்கள், கடப்பு முடிந்து விண்மீன் பழைய ஒளிக்குத் திரும்பிய பிறகுதான் தொலைநோக்கியின் மூடியைக் கழற்றுவார்கள்.