கொழும்பு வானில் எடுத்த படத்தைத் துலக்குதல்

வெள்ளவத்தை மொட்டைமாடியிலிருந்து ஓரியன் நெபுலா எனும் விண்முகிலைப் படமெடுத்து, கமரா தந்த ஃபிட்ஸ் (FITS) எனும் வானியல் படக் கோப்பைத் திறந்ததும் திரை கறுப்பாகத் தெரிந்தால் மனம் தளர வேண்டாம். 16 பிட் தரவின் 65,536 ஒளிப் படிநிலைகளில் நெபுலாவின் ஒளி பெரும்பாலும் அடிமட்டத்துக்கு அருகே ஒடுங்கிக் கிடக்கிறது. இலவச மென்பொருளான சிரிலில் (Siril) காட்சி முறையை ‘ஆட்டோஸ்ட்ரெச்’ என மாற்றினால், தரவு மாறாமலே அது புலப்படும்.

அடுத்து, தெருவிளக்குகளால் படத்தின் ஓரங்களில் படியும் மங்கல் வெளிச்சத்தைப் பின்னணி நீக்கும் கருவியால் அகற்றுங்கள். பின்னணியை அளக்க அக்கருவி எடுக்கும் மாதிரிப் புள்ளிகள் நெபுலாவின் மேல் விழுந்தால் அதன் மெல்லிய விளிம்பும் சேர்ந்து அழியும் என்பதால், அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து விலக்குவது அவசியம். நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான்.

பின்னர், படத்தின் தரவையே வெளிச்சமாக்க, ஹிஸ்டோகிராமின் (ஒளி அளவுகளின் பரவலைக் காட்டும் வரைபடம்) நடுப்புள்ளியைச் சிறிது சிறிதாக இடப்பக்கம் நகர்த்துங்கள். நெபுலாவின் மையத்திலுள்ள ட்ரப்பீசியம் எனும் கொத்தின் நான்கு பிரகாசமான விண்மீன்களும் ஒரே வெண்திட்டாகக் கலக்குமுன் நிறுத்திவிடுங்கள். மூலக் கோப்பைத் தொடாமல், முடிவை 16 பிட் டிஃப் கோப்பாகத் தனியே சேமியுங்கள்.