ஏஐயிடம் சோக்ரடீஸ் முறையில் குறி கேட்பது எப்படி?

தேயிலை ஃபெக்டரிக்கு ரோதமுனி, தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக்குக் கவ்வாத்துசாமி என்று கும்பிடும் மலையகத்தாருக்கு கிரேக்கரின் ‘டைமோன்’ அந்நியமல்ல. கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவில் நிற்கும் ஆவி அது. கிரேக்கத் தத்துவஞானி சோக்ரடீஸுக்கு அப்படிக் கேட்ட குரல் ஒருநாளும் ‘செய்’ என்றதில்லை, தடுக்க மட்டுமே செய்தது என்று அவருடைய மாணவர் பிளேட்டோ எழுதுகிறார். ஏஐ நேர்மாறு, பெரும்பாலும் தலையாட்டும்.

அதனால் அதைத் தடுக்கிற குரலாக்குங்கள். தேயிலைக் கொழுந்தைத் தாக்கும் “கொப்புள நோய்க்கு நாளை மருந்தடிக்கலாமா?” என்று கேட்டால் பெரும்பாலும் ‘அடிக்கலாம்’ என்றுதான் வரும். “நாளை ஏன் அடிக்கக் கூடாது? 3 காரணம் சொல்” என்று கேளுங்கள். வந்த பதிலில் சோக்ரடீஸைப் போல ஒரு சொல்லைப் பிடியுங்கள்: ‘ஈரமான காலநிலை’ என்றால் என்ன? மழை என்று விளக்கினால், அதில் அடங்காத ஒன்றை நீட்டுங்கள்: “மழையே இல்லை. ஆனால் காலை 10 மணிவரை பனிமூட்டம், கொழுந்து நனைந்தே கிடக்கிறது.” இப்போது விளக்கம் உடையும். உடைந்த இடத்திலிருந்து மறுபடி கேளுங்கள்.

வெறுமனே “நிச்சயமா?” என்று கேட்பது வீண். சரியான பதிலையும் சிலவேளை மாற்றிவிட்டு மன்னிப்புக் கேட்கும். ஆட்சேபத்தைக் காரணத்தோடு சொல்லுங்கள், புது உரையாடலிலும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

மருந்தின் அளவை மட்டும் இதனிடம் கேட்கவே வேண்டாம். அதற்குப் போத்தல் லேபிளும் தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் அறிவுறுத்தலும் இருக்கின்றன.