குடும்பமாகச் சேர்ந்து கரட் போடுவது எப்படி

கன்டோனீஸ் பேசும் சீனர்களிடம் ஒரு பழமொழி உண்டு: புலியை அடிக்கப் போனால் கூடப்பிறந்தவன் பக்கத்தில் இருக்கணும், சண்டைக்குப் போனால் அப்பனும் மகனும் சேர்ந்து போகணும். நாமும்தான் தம்பி உடையான் படைக்கு அஞ்சான் என்கிறோம். ஆனால் நுவரெலியாப் பக்கம் லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு) பின்னால் இருக்கிற துண்டு நிலத்தில் மரக்கறி போடும் வீடுகளில் அண்ணன் தம்பி முறைத்துக்கொள்வது, யார் எவ்வளவு பாடுபட்டார், காசு எங்கே போனது என்பதில்தான். அதனால் மண்ணைக் கொத்துவதற்கு முன்னால் ஒரு கொப்பி வாங்குங்கள்.

தேயிலைத் தோட்டத்தில் பேர் போடுவது, அதாவது ஒருத்தர் செய்த நாள் வேலையைக் கணக்கில் எழுதுவது போலவே வீட்டிலும் போடுங்கள், முழு நாளுக்கு முழுப்பேர், பின்னேரம் மட்டும் வந்தால் அரைப்பேர். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்: நாள் முழுக்கக் கொழுந்து பறித்துவிட்டு வந்து களை பிடுங்குகிற அம்மாவுக்கும் அண்ணிக்கும் கட்டாயம் பேர் விழணும். அந்தப் பழமொழி ஆண்களை மட்டும் சொல்கிறது, நம் மலையில் பாதி வேலை பெண்கள் கையில்.

சரி, வேலைக்கு வருவோம். கொத்துவது பலமுள்ளவர் வேலை. ஒரு அடி ஆழம் பொலபொலவென்று இருக்கணும், கல் கிடந்தாலோ பச்சைச் சாணம் போட்டாலோ கிழங்கு கவட்டை விழும். பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போடுங்கள், இல்லாவிட்டால் ஒரே மழையில் விதை கீழ்வீட்டு வாசலுக்குப் போய்விடும். கரட்டை நாற்றுப் போட்டுப் பிடுங்கி நடக்கூடாது, நேரே விதைக்கணும். தண்ணீர் ஊற்றும் பொறுப்பு பகலில் வீட்டில் இருக்கிற தாத்தாவுக்கோ அப்பாவுக்கோ.

ஏறக்குறைய ஒரு மாதத்தில் கலைப்பு வரும், எல்லாரும் தேவைப்படுவது அப்போதுதான். செடிக்குச் செடி இரண்டு மூன்று விரல் இடம் விட்டு மற்றதைப் பிடுங்கணும். நுணுக்கமான வேலை, குனிந்தே இருக்கணும், ஒருத்தர் தலையில் கட்டினால் பாதியில் நின்றுவிடும், அப்புறம் கரட் விரல் மொத்தத்துக்கு மேல் பருக்காது. ஞாயிற்றுக்கிழமை வீட்டோடு இறங்கி ஆளுக்கொரு பாத்தி பிடித்தால் மத்தியானத்துக்குள் முடியும்.

மூன்று, மூன்றரை மாதத்தில் பிடுங்கலாம். முதல் நாளே விலை கேட்டுக்கொண்டு, விற்க இரண்டு பேராகப் போங்கள். அன்று இரவே கொப்பியை விரித்து விதை, உரம், லொறிக் கூலியைக் கழியுங்கள், அடுத்த போகத்துக்கான விதைக் காசை ஒதுக்குங்கள், மிச்சத்தைப் பேர்க் கணக்குப்படி அவரவர் கையிலேயே கொடுங்கள்.