வட்டில் மொத்தம் எத்தனை கோப்பு? ஒரே வரியில் எண்ணலாம்

பழைய மடிக்கணினியைச் சமூக மன்றத்து மின்கழிவுத் தொட்டியில் போடும் முன், அதிலிருந்தவை எல்லாம் வெளி வட்டுக்கு வந்துவிட்டனவா என்று பார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் கோப்புகளை எண்ணுவதுதான் முதல் சோதனை. கோப்புறையின் ப்ராபர்ட்டீஸ் எண்ணிக்கையைக் காட்டும். டிரைவின் ப்ராபர்ட்டீஸோ எவ்வளவு இடம் போயிருக்கிறது என்பதோடு நின்றுவிடும்.

கட்டளைகளைக் காதால் கேட்டு எழுதுவதுபோல் தந்திருக்கிறேன். ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

விண்டோஸில் ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி என்று தேடி, வலச்சொடுக்கி, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்கவும். பிறகு இந்த வரி:

டிஐஆர் (இடைவெளி) சி, முக்காற்புள்ளி, பேக்ஸ்லாஷ் (இடைவெளி) ஸ்லாஷ் எஸ் (இடைவெளி) ஸ்லாஷ் பி (இடைவெளி) ஸ்லாஷ் ஏ ஹைஃபன் டி (இடைவெளி) செங்குத்துக் கோடு (இடைவெளி) ஃபைண்ட் (இடைவெளி) ஸ்லாஷ் சி (இடைவெளி) ஸ்லாஷ் வி (இடைவெளி) இரட்டை மேற்கோள் இரண்டு, நடுவே ஒன்றும் இல்லாமல்.

எஸ் உட்கோப்புறைகளுக்குள் நுழையும். பி முழுப் பாதையோடு பெயரை மட்டும் வரிக்கு ஒன்றாகத் தரும். ஏ ஹைஃபன் டி கோப்புறைகளைத் தவிர்த்து, மறைந்திருக்கும் கோப்புகளையும் சேர்த்துக்கொள்ளும். இதை விட்டால் எண்ணிக்கை தப்பாகும். கடைசியில் வரும் ஃபைண்ட், வரிகளை எண்ணுகிறது.

பெரும்பாலோர் சிக்குவது இங்கேதான். விண்டோஸ் 11-இல் டெர்மினலைத் திறந்தால் வருவது பவர்ஷெல் என்ற வேறொரு கட்டளை நிரல். அங்கே டிஐஆர் என்பது வேறொரு கட்டளையின் செல்லப்பெயர். ஸ்லாஷ் எஸ், ஸ்லாஷ் பி போன்றவை அதற்குப் புரியாமல் பிழை சொல்லும். வெற்று மேற்கோளையும் பவர்ஷெல் விழுங்கிவிடும், ஃபைண்ட் 'பாராமீட்டர் ஃபார்மட் சரியில்லை' என்று முறைக்கும். சிஎம்டி என்று தட்டி என்டர் அழுத்தினால் அந்தச் சாளரத்திலேயே பழைய சிஎம்டி வந்துவிடும். வரியை வேர்டிலிருந்து ஒட்டினாலும் இதே பிழைதான், ஏனென்றால் வேர்ட் நேரான மேற்கோளை வளைத்துவிடும்.

தினமும் எண்ணுவதென்றால் நோட்பேடில் போட்டு, பெயரின் முடிவில் புள்ளி பிஏடி வைத்துச் சேமியுங்கள். கடைசி வரி பாஸ் (பி ஏ யூ எஸ் ஈ) என்று இருக்கட்டும். இல்லையேல் விடை வந்த கையோடு சாளரம் மூடிக்கொள்ளும்.

பவர்ஷெல்லின் கெட் ஹைஃபன் சைல்டுஐட்டத்தை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு ஆப்ஜெக்ட்டை உருவாக்கிப் பிறகு எண்ணுகிறது. லட்சக்கணக்கில் கோப்பு இருந்தால் காப்பிக் கடைக்குப் போய் ஒரு தே ஓ (பால் இல்லாத தேநீர்) குடித்துவிட்டு வரலாம். விண்டோஸின் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பியை எண்ணப் பயன்படுத்துவோரும் உண்டு. நல்ல வழிதான், ஆனால் 'பட்டியல் மட்டும்' என்று சொல்லும் ஸ்லாஷ் எல் மறந்தால் எண்ணாது, முழு வட்டையும் நகலெடுக்கக் கிளம்பிவிடும். கோப்புறை இணைப்புகளைத் தவிர்க்க ஸ்லாஷ் எக்ஸ்ஜேயும் வேண்டும். ஆப்டேட்டாவின் லோக்கல் கோப்புறையில் உள்ள 'அப்ளிகேஷன் டேட்டா' என்ற இணைப்பு தன் தாய்க் கோப்புறையையே காட்டுவதால், அதைப் பின்தொடரும் நிரல் சுற்றிச் சுற்றி வரும்.

ஸ்கிரிப்டே வேண்டாம் என்றால் விஸ்ட்ரீ என்ற நிரல் இருக்கிறது. என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் வழக்கமான கோப்பு முறைமை) வட்டில் எல்லாக் கோப்பின் விவரமும் எம்எஃப்டி என்ற ஒரே அட்டவணையில் இருக்கிறது. விஸ்ட்ரீ நேராக அதைப் படிப்பதால் வேகம். சிங்கப்பூர் சிம் லிம் ஸ்குவேரில் வாங்கிய வெளி வட்டு எக்ஸ்ஃபேட் என்ற வேறு முறைமையில் இருந்தால் அந்த அட்டவணை கிடையாது, வேகமும் கிடையாது.

லினக்ஸில்: ஃபைண்ட் (இடைவெளி) ஸ்லாஷ் (இடைவெளி) ஹைஃபன் எக்ஸ்டெவ் (இடைவெளி) ஹைஃபன் டைப் (இடைவெளி) எஃப் (இடைவெளி) செங்குத்துக் கோடு (இடைவெளி) டபிள்யூசி (இடைவெளி) ஹைஃபன் எல். நிர்வாகி அனுமதிக்காக முன்னால் சூடோ சேருங்கள். விண்டோஸ் ஃபைண்டுக்கும் இதற்கும் பெயர் மட்டுமே ஒன்று. எக்ஸ்டெவ் இல்லாவிட்டால் ப்ராக், சிஸ் போன்ற போலிக் கோப்புகளும் கணக்கில் ஏறும். தோராயம் போதுமென்றால் டிஎஃப் (இடைவெளி) ஹைஃபன் ஐ நொடியில் ஐனோடு (கோப்பின் விவரப் பதிவு) எண்ணிக்கையைத் தரும், கோப்புறைகளும் அதில் அடக்கம். பிடிஆர்எஃப்எஸ் என்ற லினக்ஸ் கோப்பு முறைமையுள்ள வட்டில் அது பூஜ்யம்தான் காட்டும்.

பின்சேர்க்கை: நகலில் கோப்பு கூடுதலாக இருக்கிறதே என்று பின்னூட்டங்களில் கேட்கிறார்கள். வட்டின் வேரில் எண்ணினால் குப்பைத்தொட்டிக் கோப்புறையும் 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' கோப்புறையும் சேர்ந்துவிடக்கூடும். ஒரே கோப்புறையை இரண்டு பக்கமும் எண்ணி ஒப்பிடுங்கள். மேக்கிலிருந்து எக்ஸ்ஃபேட் வட்டுக்கு நகலெடுத்திருந்தால், பல கோப்புகளுக்குப் பக்கத்தில் புள்ளியும் அடிக்கோடுமாகப் பெயர் தொடங்கும் ஒரு குட்டிக் கோப்பு உட்கார்ந்திருக்கும். எண்ணிக்கை ஏறக்குறைய இரட்டிப்பானால் அவைதான், கழித்துவிட்டுப் பாருங்கள்.